பாலத்துக்கு வந்த ஓடை

இன்ஜினியர் மாதுவின் படத்திறப்புக்கு மலையிலிருந்து பதினோரு பேர் மண்வெட்டியோடு வந்து நின்றதும் அரூர் கல்யாண மண்டபத்தில் பாதிச் சனம் எழுந்துவிட்டது. செத்த மனுஷனைக்கூட விடமாட்டேன் என்கிறார்களே, என்ன நிலத்தகராறோ என்று பந்தியில் இருந்தவர்கள் பாயசத்துக்குக் காத்திராமல் கை கழுவப் போனார்கள். வந்தவர்களை முதலில் அடையாளம் கண்டவள் மாதுவின் மகள் பிரியதர்ஷினி. சித்தேரி மலையில் நெல்லிமரத்தூர்க்காரர்கள்.

அவள் கையில் அப்போது நான்கு பக்கப் பேச்சு இருந்தது. "என் அப்பா வாழ்நாளில் ஒரு தப்புக்கூடச் செய்யாதவர்" என்பது முதல் வரி. அழுதுகொண்டேதான் எழுதினாள். ஆனால் எழுதும்போது கொஞ்சம் கோபமும் இருந்தது. தப்பே செய்யாதவருக்கு மகளாக இருப்பது லேசுப்பட்ட காரியமா?

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். மாது ரசமட்டம் வைத்திருந்தார். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்காத எதையும் அவர் நம்பியதில்லை. தோசைக்கல்லின் மட்டத்தைச் சோதிக்கப் போய், "தோசை வட்டமா வந்தாப் போதும், நீங்க வெளிய போங்க" என்று மனைவி கோவிந்தம்மாளின் கரண்டிக்குத் தப்பி ஓடியவர். மகள் கல்யாணத்தில் மணவறை மேற்கே அரை அங்குலம் சாய்கிறது என்று கண்டுபிடித்து, மாப்பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து, பலகைக்கடியில் அட்டை சொருகினார். முகூர்த்தம் நான்கு நிமிடம் காத்திருந்தது. ஐயர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அரூரில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது. எந்த வீட்டுச் சுவரில் விரிசல் விட்டாலும் கொத்தனாருக்கு முன்னால் வந்து நிற்பார்; காசு வாங்க மாட்டார், வாய் நிறையத் திட்டிவிட்டுப் போவார்.

விளங்காத பழக்கம் ஒன்றே ஒன்றுதான். வருஷா வருஷம் மாசியில், பிரியதர்ஷினியின் பிறந்தநாளுக்கு, குடும்பத்தையே மலை பஸ்ஸில் ஏற்றி நெல்லிமரத்தூருக்குக் கொண்டுபோவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே கட்டிய சிறு பாலத்தின் மேல்தான் கேக் வெட்ட வேண்டும். கேக் மலையடிவாரத்திலேயே உருகிவிடும். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அவள் மெழுகுவர்த்தியை ஊதியதும் அப்பா மண்வெட்டியோடு காணாமல் போவார்; சாயங்காலம் முட்டிவரை புழுதியோடு வருவார். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகும் இந்த யாத்திரை நிற்கவில்லை.

மண்வெட்டிக் கூட்டத்தில் முன்னால் நின்ற குள்ளம்மாள் படத்தைக் கும்பிட்டுவிட்டு அவளிடம் வந்தாள்.

"கண்ணு, ஓடை போயிருச்சு."

"எங்கங்க போச்சு?"

"பழைய எடத்துக்கே. போன வாரம் பேஞ்ச மழையில கரை ஒடைஞ்சு தண்ணி ரோட்டு மேல ஓடுது. உங்கப்பா பாலம் காஞ்சு கெடக்குது. கரை வெட்டுன கையோட பஸ் ஏறி வந்துட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்தில் மாதுவின் பெயர்ப்பலகையைத் திறக்கப் பெரிய ஆபீசர் வருகிறார். நடுவில் இரண்டே நாள். தண்ணீர் ஒரு பக்கம், பாலம் ஒரு பக்கம் கிடக்க, அதில் அப்பாவின் பெயர் இருந்தால் ஜில்லாவே சிரிப்பாய்ச் சிரிக்கும்.

"பழைய எடம்னா என்னங்க?"

குள்ளம்மாள் கோவிந்தம்மாளைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் சாம்பார் வாளியைப் பார்த்தாள்.

கதை இதுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம், பாலம் வரவேண்டிய இடத்தில் மாது ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்து, மூன்று சிவப்புக்கோடு போட்டார். கல் இருக்கிற இடத்தில் தோண்டச் சொல்லிச் சேலத்து மேஸ்திரிக்குத் தகவல் அனுப்பிவிட்டு, மனைவிக்கு வலி கண்டதென்று அரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளையைப் பார்த்தவர் ஐந்து நாள் அங்கிருந்து அசையவில்லை. இதற்குள் கல்லை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். வெள்ளையடித்துச் சிவப்புப் பட்டை போட்ட கல் சாமி இல்லாமல் வேறென்ன? சாமி மொட்டை வெயிலில் நிற்கலாமா? இருநூறு அடி தள்ளிப் புங்க மரத்து நிழலில் தூக்கிவைத்து, பொங்கலிட்டு, கோழியும் அறுத்தார்கள். மறுநாள் வந்த சேலத்து ஆட்கள், கல் இப்போது இருந்த புங்க மரத்தை ஒட்டித் தோண்டினார்கள். வறண்ட காலத்தில் ஓடை எது, வெறும் பள்ளம் எது என்று வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? மாது ஊருக்கெல்லாம் கொடுக்கச் சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அடித்தளத்துக் கான்கிரீட் காய்ந்து இறுகியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து சர்க்கரை முழுவதையும் அவரே தின்றார்.

வேலை போகும் என்று மனுஷன் கலங்கிப்போனார். சாமியைத் தூக்கியது நாம், பழியும் நம்முடையது என்று ஊர் கூடி முடிவு செய்தது. மழைக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, ஓடையையே பாலத்துக்கடியில் திருப்பிவிட்டார்கள். ஐப்பசியில் சோதிக்க வந்த அதிகாரி சுழித்தோடும் தண்ணீரைப் பார்த்து மாதுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிரியதர்ஷினி அன்றைக்கே அம்மாவோடு மலையேறினாள். பேச்சு, அப்பாவின் ரசமட்டத்தோடு, கைப்பையிலேயே இருந்தது. இரண்டு நாள் ஊரோடு சேர்ந்து மண் வெட்டினாள். கையெல்லாம் கொப்புளம். புங்க மரத்தடியில் கோவிந்தம்மாள் எல்லாருக்கும் களி கிண்டினாள். பக்கத்தில் அந்தக் கல், சின்னப் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஊரில் அதற்குப் பாப்பா சாமி என்று பெயர். எந்தப் பாப்பா என்று அவள் கேட்கவில்லை.

"எங்கிட்ட ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ பொறந்ததாலதான் வேல கெட்டுச்சுன்னு உனக்குத் தோணிரக் கூடாதுன்னாரு. தப்பு எம்மேலயே இருக்கட்டும், புள்ள மேல ஒரு துளி படக் கூடாதுன்னாரு. வாய்க்கால் தூர் வாரறதுக்கு உம் பொறந்தநாளாப் பாத்துப் புடிச்சாரு பாரு, அது அந்தாளு கிறுக்கு. ஆனா ஆஸ்பத்திரில உன்ன மடியில வச்சிருந்த அந்த அஞ்சு நாளு, அதுக்கு மட்டும் அவரு வருத்தப்பட்டதே இல்லடி."

பிரியதர்ஷினி மண்வெட்டியைப் பிடித்தபடியே அழுதாள். அப்பா செத்த அன்றுகூட இப்படி அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசரின் ஜீப் வளைவில் திரும்பும்போதுதான் தண்ணீர் பாலத்துக்கடியில் நுழைந்தது. ஆபீசர் பலகையைத் திறந்தார்.

"பாருங்க, ஓடைக்கு நடு மத்தியில உக்காந்திருக்குது பாலம். இதான் இன்ஜினியர் வேலைங்கறது!"

நெல்லிமரத்தூர் கொப்புளக் கையால் கைதட்டியது. பிரியதர்ஷினியைப் பேசக் கூப்பிட்டார்கள். நான்கு பக்கத்தையும் எடுத்தாள். முதல் வரியைப் பார்த்தாள். மடித்து, அப்பாவின் ரசமட்டம் இருந்த பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"எங்கப்பா தப்புப் பண்ணியிருக்காருங்க. இந்தப் பாலத்தத் தப்பான எடத்துல கட்டிட்டாரு. அப்ப அவரு என்னைய மடியில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில இருந்தாரு."

இரண்டு நாள் வெட்டியதெல்லாம் பாழ் என்று பின்னாலிருந்து ஒருவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஆபீசர் பலகையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், உதவியாளரிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு ஊர்ப்பெண்கள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

குள்ளம்மாள் புடவையைச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது சின்னப் புள்ளைங்க, அதுக்கு என்ன தெரியும்? பாலம் சரியான எடத்துலதான் இருக்குது. ஓடைதாங்க அப்பத் தப்பா ஓடிக்கிட்டு இருந்துச்சு."

ஆபீசர் இன்னொரு தடவை தண்ணீரைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, பலகையில் கோணலாகத் தொங்கிய மாலையைச் சரிசெய்தார்.