குதிர் கதையின் கடைசித் தாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புத்தகம் படித்துச் சிரிக்கிற ஆள் அருள்சாமி ஒருவன்தான். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அது பெரிய தொல்லை. லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைதான். அவன் சிரித்தால் என் வீட்டுத் தகரக் குவளை ஆடும்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். பொன்னுரங்கம் என்ற சோம்பேறி, வீட்டுக்கு வந்த மச்சானுக்குப் பயந்து நெல் குதிருக்குள் ஒளிகிறான். குதிரின் அடியில் வேறொரு தேசம். அங்கே மந்திரிகளெல்லாம் பூசணிக்காய்கள்; ராஜா தன் மூளையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர். அருள்சாமி இதை எத்தனை தடவை படித்தாலும் புதிதாகப் படிப்பவன் போலவே சிரிப்பான்.

அவன் மனைவி கத்தரீன் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். ஜெபப் புத்தகம் தவிர மற்றதெல்லாம் வெட்டி வேலை என்பாள். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஜப்பார் கடையில் கதையளந்துவிட்டு அவன் தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்துவாள்.

"வந்தாச்சா தொரை? காலக் கழுவிட்டு உள்ள வாங்க. கஞ்சி ஆறிப்போச்சு."

இது லயம் முழுவதற்கும் பழகிப்போன பாட்டு.

ஜப்பான்காரன் வந்தான். தேயிலை வாங்க ஆளில்லை, மரவள்ளி நட்டோம். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். மூன்று மாதம்தான், திரும்பிவிடலாம் என்று சொல்லித் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் வாசித்தார். எனக்குக் கால் சரியில்லை, விட்டுவிட்டார்கள். அருள்சாமி லோரியில் ஏறிப் போனான்.

மூன்று மாதம் முடிந்தும் அவன் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கத்தரீன் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு எந்த எடத்துல சிரிச்சாருன்னு தேடுறேன் அண்ணே. இந்தப் பூசணிக்கா மந்திரி நல்லாத்தான் இருக்கான்."

சரி, கொஞ்சம் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். மறுவாரம் அதே புத்தகம் பறந்துவந்து வாசலில் கோழிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"படிச்சு முடிச்சேன். அந்தப் படுபாவி அங்கேயே ராஜகுமாரியக் கட்டிக்கிறான். குதிர் வாய மண்ணு வச்சு அடைக்கச் சொல்லி ஆள் ஏவுறான். புத்தகம் முச்சூடும் பொண்டாட்டிய ஒரு தடவதான் நெனைக்கிறான், அதுவும் சமையல் சரியில்லன்னு! இதுக்கா இந்த மனுசன் இப்படிச் சிரிச்சாரு?"

தாளுக்குப் பஞ்சமான காலம் அது. என்னிடம் புகையிலை இருந்தது, சுருட்டத் தாள் இல்லை. காய்ந்த வாழைச் சருகில் சுருட்டி இருமிக்கொண்டிருந்தேன். "பிடிக்கலேன்னா எனக்குக் குடேன்" என்றேன்.

அவள் புத்தகத்தை எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். "முடியாதுலா அண்ணே. கதைதான் பிடிக்கல. இது அவரு சிரிச்ச புத்தகம்."

இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபமாக வந்தது. அதற்குப் பிறகும் விடாமல் படித்தாள். பூசணிக்காயைப் பார்த்துச் சிரிப்பாள். கடைசித் தாளுக்கு வந்ததும் பொன்னுரங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். ஒருத்தி ஒரு புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியதை அப்போதுதான் பார்த்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, அருள்சாமியோடு போன தங்கராஜு எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். வந்தவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கத்தரீன் வாசலில் வந்து உட்கார்ந்தான். அருள்சாமி காலராவில் போய்விட்டான் என்றான். அவள் அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருந்தவரைக்கும் அண்ணன் எங்களுக்குக் குதிர் கதை சொல்லுவாரு அண்ணி. அங்க அது ஒண்ணுதான் சிரிப்பு. கடைசியில பொன்னுரங்கம் ராஜகுமாரியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு குதிர் வழியா வீட்டுக்கே வந்துடுவான். பொண்டாட்டி வாசல்ல நிப்பா. 'வந்தாச்சா தொரை? காலக் கழுவிட்டு உள்ள வாங்க. கஞ்சி ஆறிப்போச்சு'ம்பா. நாங்க எல்லாம் சிரிப்போம். அந்த எடத்துல மட்டும் அண்ணன் சிரிக்க மாட்டாரு."

கத்தரீன் அப்போதுதான் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கடைசித் தாளை மட்டும் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணே. சுருட்டிக் குடிங்க."

அங்கேயே புகையிலை வைத்துச் சுருட்டிப் பற்றவைத்தேன். அது எரிந்து முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.