நான் பார்க்காத நாற்பத்தேழாம் பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் நடந்தது இது. விவேக் நகரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்காக அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகவியல் எம்.ஏ. வகுப்பு நடத்துவார்கள். இருபத்திரண்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்திவிட்டு, ஐம்பது வயதில் நான் அங்கே மாணவனாகச் சேர்ந்தேன்.

கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர், பொம்மசந்திராவில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக வேலை பார்த்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவருடைய தொழிற்சாலையில் தொழிலாளர் நலப் பிரிவில் ஓர் இடம் காலியாகவிருந்தது. எம்.ஏ. முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். முன்பு ஒருமுறை பட்டம் இல்லை என்று அவரைத் தாண்டி வேறொருவரை எடுத்திருந்தார்கள். இந்த முறை ஜூனுக்குள் மார்க் ஷீட் கையில் இருக்க வேண்டும். அறிக்கை திரும்பி வந்தால் இன்னும் ஆறு மாதம் ஆகும், இடமும் போய்விடும்.

ஜோகுபாளையத்தின் தெருக்குழாய்களைப் பற்றி எழுதினோம். அங்கே நான்கு பெண்களைப் பேட்டி எடுத்தது அவர், எழுதியது நான். அந்தப் பகுதிப் பெண்கள் மனு கொடுத்ததால்தான் குழாய் வந்தது என்ற ஒரு தகவலின்மேல்தான் எங்கள் வாதம் முழுக்க நின்றது. அந்தத் தகவல் எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியையின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருந்தது. ஆதாரமாகப் பழைய அரசு அறிக்கை ஒன்றின் நாற்பத்தேழாம் பக்கத்தை அவர் காட்டியிருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், அவருடைய ஆய்வேட்டைக் குறிப்பிடாமல், அந்த அரசு அறிக்கையை நானே படித்தவன் போல அதன் பெயரையும் பக்க எண்ணையும் அடிக்குறிப்பில் போட்டுவிட்டேன். மூல ஆவணத்தைக் காட்டினால் மதிப்பு கூடும் என்று நினைப்பு. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

சமர்ப்பிக்க எட்டு நாள் இருந்தது. கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து, அச்செடுத்த பிரதியில் ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் என் ஜோடிக்காரர் டிக் போட்டுக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் பேனா நின்றது.

"அண்ணா, இந்தப் பக்கத்தை நீங்க பார்த்தீங்களா?"

மேடம் பார்த்திருக்காங்களே என்றேன்.

"அது மேடம் எடுத்த ரீடிங். நான் அளக்காத அளவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணா."

இது தொழிற்சாலை இல்லம்மா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேப்பர்காரர் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி என்று கேட்டார். "யார் சொன்னது, நீ பார்த்தாயா?" என்று நிருபர்களைக் குடைந்தே சம்பளம் வாங்கியவன் நான்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த அறிக்கை இருந்த நூலகத்துக்குப் போனார். கல்லூரிக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வியாழக்கிழமை கடிதத்தோடு மறுபடி போனார். மாலையில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. நாற்பத்தேழாம் பக்கம். மனு இருந்தது. ஆனால் கொடுத்தவர்கள் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த பேட்டைக்காரர்கள். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்னும் பின்னும் இருபது பக்கம் புரட்டிவிட்டதாகக் கீழே எழுதியிருந்தார்.

வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றேன். வாய்மொழித் தேர்வில் மார்க் போடப்போவது அதே பேராசிரியை. என் ஜோடிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. பழுதான பீஸை அடையாளம் போடாமல் ட்ரேயிலேயே விட்டுவைத்தால் அடுத்த ஷிஃப்ட்காரர் எடுத்து மாட்டிவிடுவார் என்றார். பட்டம் யாருக்கு அவசரம் என்று யோசித்துப் பேசு என்றேன். யோசித்துத்தான் பேசுகிறேன் என்றார்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினோம். வாதம் சுருங்கியது. நான்கு பெண்கள் சொன்னது இது, இதற்கு எழுத்து ஆதாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற அளவில் நின்றது. ஆய்வேட்டின் பெயரை அடிக்குறிப்பில் சொல்லி, அது காட்டும் பக்கத்தில் இந்தத் தகவல் இல்லை என்று எழுதினேன். "மூல அறிக்கையை நேரில் பார்த்தோம்" என்று முடித்திருந்தேன். அதை அடித்துவிட்டு, "எங்களில் ஒருவர் நேரில் பார்த்தார்" என்று அவர் மாற்றினார்.

வாய்மொழித் தேர்வு அன்று பேராசிரியையின் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் இருந்தார். பேராசிரியை அந்த அடிக்குறிப்பில் நிறுத்தி இரண்டு முறை படித்தார். நூலகத்தில் எடுத்த படத்தின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கினார். என் ஜோடிக்காரரின் கை மேஜைக்கு அடியில் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"எங்களில் ஒருவர்னு போட்டிருக்கே, யார் அது?"

இவங்கதான் மேடம், நான் பார்க்காமலேதான் முதலில் எழுதியிருந்தேன் என்றேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். வெளியூர்க்காரர் கேட்கும்படியாகவே சொன்னார்.

"நானும் பார்க்கல. வேற ஒருத்தர் புத்தகத்துல இருந்து எடுத்தேன்."

பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். எங்களுக்கு மார்க் எதையும் குறைக்கவில்லை. மே மாதமே மார்க் ஷீட் வந்தது. என் ஜோடிக்காரர் இப்போது நலப் பிரிவில்தான் இருக்கிறார்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று கல்லூரி நூலகத்தில் அந்த ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். குறிப்பிட்ட பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் பேராசிரியையின் கையெழுத்து. இந்தத் தகவல் தவறு, மூலத்தைப் பார்த்துச் சொன்னவர் இன்னார் என்று என் ஜோடிக்காரரின் முழுப்பெயர், தேதி. அதில் என் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது. இன்றைக்கும் எதற்காவது பக்க எண் எழுதும்போது, அந்த நீல மை வரியை நினைத்துக்கொண்டு, எழுந்துபோய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.