இருபத்தாறாம் உறை

அண்ணன் அனுப்பிய பார்சல் வந்த கப்பலில்தான் உருளைக்கிழங்கும் வந்தது. இரண்டையும் ஒரே சைக்கிளில் கட்டிக்கொண்டு என் கணவர் மழையில் நனைந்து வந்தார். நான் முதலில் பார்சலைத்தான் துடைத்தேன். கிழங்கு மூட்டையை அவரே உள்ளே தூக்கி வைத்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவருக்குத் துறைமுக வேலைத் துறையில் உத்தியோகம். வங்கக் கடல் நடுவே ஒரு தீவில், ஹாடோ பக்கம் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். அவள் எதை வாயில் போடுவாள், எதிலிருந்து விழுவாள் என்பதைத் தவிர வேறொன்றை நான் யோசித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் சென்னையில் இருந்தார். தபால் முத்திரைகள் சேகரிப்பவர். ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து எடுப்பவர்களைக் கண்டால் அண்ணனுக்குக் கோபம் வரும். அவருக்கு உறை முழுதாக வேண்டும், அதன் மேல் விழுந்த முத்திரை எங்கே, எப்போது, எந்தக் கருவியால் குத்தப்பட்டது என்று தெரிய வேண்டும். சோவியத் முத்திரைகளில் அவரைப் போன்றவர்களுக்குத் தனி ஆசை, ஆனால் அவர்களில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. நான் கல்லூரியில் படித்தபோது இரண்டு வருடம் மாலை வகுப்பில் ரஷ்ய மொழி படித்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது எதற்கும் உதவவில்லை, சர்டிபிகேட் பெட்டியின் அடியில் கிடந்தது.

பார்சலுக்குள் நாற்பத்து மூன்று உறைகள். எல்லாம் காலி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு, சோவியத் நாட்டில் அதே வேலை பார்க்கும் ஒரு பேனா நண்பர் பல வருடங்களாக எழுதியவை. கடிதங்களை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டு உறைகளை மட்டும் கொடுத்திருந்தார்.

அண்ணனின் கடிதம் கண்டிப்பாக இருந்தது. "ஊர்வாரியாக, முத்திரைவாரியாகப் பிரித்துப் பட்டியல் எழுது. அடுத்த கப்பலில் திரும்பி வர வேண்டும், தை மாதம் சங்கத்தின் கண்காட்சி. மாஸ்டர் எதையும் விலைக்கு வாங்கவில்லை, எல்லாம் தன் கைக்கு வந்தவை என்கிறார். சங்கத்தில் இரண்டு பேர் நம்பவில்லை. ஒன்று போலி என்று தெரிந்தால் நாற்பத்து மூன்றையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மனிதரின் பெயரும் கெடும். ஆகவே கவனமாகப் பார். சந்தேகம் இருந்தால் மறைக்காமல் எழுது."

இந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மகள் பகலில் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. கதவைச் சாத்தி, கட்டில் மேல் பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் உறைகளை அடுக்குவேன். ஆரம்பிக்கும்போது ஒருமுறை எண்ணுவேன், முடிக்கும்போது ஒருமுறை எண்ணுவேன். நாற்பத்து மூன்று. பிறகு கர்ப்பூரம் போட்ட பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, டின்னை அலமாரி மேல் ஏற்றுவேன். ஏற்றிய பிறகு மூடியை அழுத்தினோமா என்று மறுபடி இறக்கிப் பார்ப்பேன்.

என் கணவர் ஆபீஸின் வரைபடப் பிரிவிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி இரவல் வாங்கி வந்தார்.

"ஏங்க, இது சர்க்கார் சாமானாச்சே. கேட்டா என்ன சொல்வீங்க?"

"வீட்டுக்காரி ரஷ்யாவைப் பார்க்கணும்னு கேட்டா, குடுத்தேன்னு சொல்றேன். பாத்துட்டு சொல்லு, அங்க உருளைக்கிழங்கு என்ன விலைன்னு."

முதல் நாள் அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டம். மேலே ஊர்ப் பெயர். நடுவில் நாள், மாதம், வருடம், கூடவே நாலாவதாக ஓர் எண். அது மணி. எத்தனை மணிக்கு அந்தக் கடிதம் குத்தப்பட்டது என்பதுகூட அந்த வட்டத்துக்குள் இருந்தது. மூர்மான்ஸ்க் என்ற ஊரை வகுப்பில் வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் சூரியனே எழாத ஊர். அங்கே ஒரு ஜனவரி மாதம், காலை பத்து மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில் யாரோ ஒருவர் கையை ஓங்கிக் குத்திய மசி, என் கட்டில் மேல், வியர்வை வழியும் மத்தியானத்தில் கிடந்தது. நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

வட்டத்தின் அடியில் ஓர் எழுத்து இருக்கும். ஒரே தபால் நிலையத்தில் பல முத்திரைக் கருவிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மூர்மான்ஸ்க் உறைகளில் பதினொன்று ஒரே எழுத்தில் வந்தன. அவற்றைத் தேதி வரிசையில் வைத்தபோது விளிம்பில் ஒரு விரிசல் தெரிந்தது. முதல் உறையில் மயிரிழை. அடுத்த வருடம் நெல் முனையளவு. கடைசி உறையில் விளிம்பே அங்கே அறுந்துபோயிருந்தது. ஒரு கருவி தேய்ந்து முதுமையடைவதை நான் எண்ணூறு காதம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர் கோடை விடுமுறைகளில் ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஜார்ஜியாவிலிருந்து வந்த உறையில் ரஷ்ய எழுத்தோடு அந்த ஊர் எழுத்தும் இருந்தது, நம் எழுத்தைப் போலவே சுழித்துச் சுழித்து. நான்கு உறைகளில் ஊரே இல்லை, ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் குத்திய முத்திரை. குலுங்கி ஓடும் ரயிலில் நின்றுகொண்டு ஒருவர் கடிதங்களைப் பிரிக்கிறார் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நின்னுக்கிட்டேவா?" என்று கேட்டார்.

எட்டாவது நாள் இருபத்தாறாம் உறையில் தடுக்கி விழுந்தேன்.

மூர்மான்ஸ்க் முத்திரை மார்ச் பன்னிரண்டு என்றது. பின்பக்கம், உறை மாஸ்டரின் ஊருக்கு வந்து சேர்ந்ததற்கு நம் தபால் நிலையம் குத்திய முத்திரை மார்ச் ஒன்று என்றது. வருடம் ஒன்றுதான். போடுவதற்குப் பதினோரு நாள் முன்னாலேயே கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது.

ரஷ்ய முத்திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே எழுத்து. அதே விரிசல், பிப்ரவரி உறையில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக, மே உறையில் இருப்பதைவிடச் சற்றுச் சிறிதாக, இருக்க வேண்டிய அளவில். அப்படியானால் உண்மைதானே? ஆனால் போலி செய்கிறவன் விரிசலையும் பார்த்துச் செய்ய மாட்டானா? ஒரு சமயம் மாஸ்டர் மேல் இரக்கமாக இருந்தது. இன்னொரு சமயம், இரக்கப்பட்டு மறைத்தால் அண்ணன் பெயர் கெடும் என்று தோன்றியது. மறைக்காமல் எழுது என்றுதானே சொல்லியிருக்கிறார்? எழுதினேன். "இருபத்தாறு: முன்பக்க முத்திரை சந்தேகத்துக்குரியது. போலியாக இருக்கலாம்." மையால் எழுதிவிட்டு, காய்வதற்குள் வருத்தப்பட்டேன்.

மீதி உறைகளையும் முடித்தபோது பத்தாவது நாள். கப்பல் மறுநாள் காலை. குவார்ட்டர்ஸை அடுத்த சின்னத் தபால் நிலையத்தில் கப்பல் பையை மூன்று மணிக்கு மூடுவார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கே போய்விட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர், குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தார். தினமும் படகில் இக்கரைக்கு வந்து வேலை பார்ப்பவர்.

"என்னக்கா இவ்வளவு கனம்? கருவாடா?"

"பழைய தபால் கவர்."

"பழைய கவரைப் புதுக் கவர்ல வச்சு அனுப்புதியளா? டிபார்ட்மென்டு பொழைச்சிரும்."

பதிவுத் தபாலாக எழுதி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். குத்துகிற சத்தத்தில் என் மகள் அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த அவர் மேஜை இழுப்பறையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து விரித்தார். பக்கம் முழுவதும் வட்ட வட்டமாக முத்திரைகள்.

"இதென்ன?"

"காலையில தேதி மாத்தினதும் மொத குத்து இதுலதான்க்கா. சரியா விழுந்திருக்கான்னு பாத்துட்டு போஸ்ட்மாஸ்டர் பாபு கையெழுத்துப் போடணும். ரூல். மாசத்துக்கு ஒரு பக்கம்." மகளின் கன்னத்தைத் தட்டினார். "பேட்டி எப்போ பொறந்தா?" மகளை இங்கே எல்லோரும் இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள்.

"போன வருஷம் ஜூலை மூணு."

அவர் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். அந்த நோட்டில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் நான் வலியில் கிடந்த அந்தக் காலையிலும், இங்கே ஒருவர் எண்ணை மாற்றி, மசியில் ஒற்றி, ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஜூலை மூன்று. மசி கொஞ்சம் அதிகமாக விழுந்திருந்தது. மகள் அழுகையை விட்டு அதன் மேல் விரலை வைத்தாள்.

அந்த வட்டத்துக்கு இரண்டு வட்டம் முன்னால், பக்கத்தின் தலையில், ஒன்றின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"இது ஏன் அடிச்சிருக்கு?"

அவர் சிரித்தார். "அது என் மானம் போன நாள்க்கா. ஜூலை ஒண்ணு. காத்து மழையில படகு லேட்டு. ஓடி வந்து அவசரத்துல தேதியை மட்டும் ஒண்ணுன்னு மாத்திட்டேன், மாசத்தை மாத்தல. ஜூன் ஒண்ணுன்னு விழுந்துட்டு. பாபு பாக்கதுக்குள்ள ஒரு கட்டுக் கடுதாசி குத்தி அனுப்பியாச்சு. மாசப் பொறப்புல எல்லா ஊர்லயும் நடக்கும். நான் ஒருத்தன்தான் மாட்டிக்கிட்டேன்."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாதப் பிறப்பு. ஒன்றாம் தேதி. மாஸ்டரின் ஊர் முத்திரையும் ஒன்றாம் தேதிதான். மார்ச் ஒன்று. அது ஏப்ரல் ஒன்றாக இருந்தால்? அந்த மேஜையில் சாய்ந்துகொண்டே விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்று பத்தொன்பது, ஒன்று சேர்த்தால் இருபது நாள். மற்ற உறைகள் எல்லாம் பதினெட்டு நாளிலிருந்து இருபத்து நான்கு நாளுக்குள் வந்தவை. நானே பட்டியலில் எழுதியிருந்தேன்.

பத்து நாளாகப் பூதக்கண்ணாடியை அந்நிய முத்திரையின் மேலேயே வைத்திருந்தேன். நம்முடைய முத்திரையை வெறும் கண்ணால் படித்து, படித்ததை அப்படியே நம்பினேன். அந்த விரிசல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"அந்தப் பார்சலைத் திருப்பிக் குடுங்க," என்றேன்.

"எதுக்குக்கா?"

"உள்ள ஒரு மனுஷரைப் பத்தித் தப்பா எழுதிட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். போஸ்ட்மாஸ்டர், எல்லோரும் பாபு என்று கூப்பிடும் தெலுங்குக்காரர், கப்பல் பையைக் கட்ட நூலை அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

"க்யா பாத், அம்மா? ரசீது குடுத்தாச்சுன்னா அது சர்க்கார் சாமான்."

"தெரியும் சார். ஆனா இந்தக் கப்பல்ல போச்சுன்னா நாலு நாள்ல அண்ணன் படிச்சிடுவார். அடுத்த கப்பல்ல நான் எழுதறது போய்ச் சேர்றதுக்குள்ள அந்த மனுஷரோட எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க." அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. "ஜீப் மூணு மணிக்கு. அனுப்பினவங்க கேட்டா குடுக்க ரூல் இருக்கு. அர்ஜி எழுதுங்க. ஜல்தி."

மகளைக் குமாஸ்தா வாங்கிக்கொண்டார். ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பார்சலைப் பிரித்து, பட்டியலை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, தபால் நிலையத்துப் பேனாவால் எழுதினேன்: "இருபத்தாறு: ரஷ்ய முத்திரை உண்மையானது. பின்பக்கத்து நம் முத்திரையில் மாதம் மாற்றப்படவில்லை. ஏப்ரல் ஒன்று என்று கொள்ளவும். முதலில் தவறாக எழுதியது நான்." கடைசி வாக்கியம் தேவையா என்று ஒரு கணம் யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பக் கட்டிக் கொடுத்தபோது குமாஸ்தா புது முத்திரை குத்தினார். பழையதும் அதன் பக்கத்திலேயே இருந்தது. "நாள் சரியா, மாசம் சரியா? பாத்துச் சொல்லுங்கக்கா, இனிமே ஒங்க கிட்டதான் கேக்கணும்."

நான் குனிந்து, நிஜமாகவே பார்த்துவிட்டு, "சரி" என்றேன். பாபு பையின் வாயில் அரக்கை ஊற்றினார்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒருவேளை அது போலியாகவே இருந்து நான்தான் மாற்றிக் கெடுத்துவிட்டேனோ என்று மூன்று வாரம் கவலைப்பட்டேன். என் கணவர், "கப்பல் போயிடுச்சு, விடு" என்று தினமும் சொன்னார்.

அடுத்ததற்கு அடுத்த கப்பலில் அண்ணனின் கடிதம் வந்தது. உறைகள் மாஸ்டரின் பெயரோடு கண்காட்சிக்குப் போகின்றன, இருபத்தாறாம் உறையை இரண்டு பக்கமும் தெரியும்படி வைக்கிறார்கள், சந்தேகப்பட்ட இருவரும்தான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கித் தந்தார்களாம். கூடவே மாஸ்டரிடமிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை. நான் முதலில் பார்த்தது அதன் முத்திரையை. நாளும் மாதமும் சரியாக இருந்தன. பிறகுதான் படித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு. அந்தக் கடிதம் ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வந்தது. தபால்காரரிடம் அப்போதே காட்டினேன், இருவரும் சிரித்தோம். என் மனைவி முட்டாள்கள் தினம் என்றாள். இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டியலில் ஊர் இருந்தது, எழுத்து இருந்தது, மணி இருந்தது, விரிசலின் அளவுகூட இருந்தது. அவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்கலாம் என்று எனக்கோ அண்ணனுக்கோ தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் மகள் தூங்கியதும் அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நண்பர் அந்த ரயிலில் எங்கே போனார் என்பதுதான் என் முதல் கேள்வி.