பெல்ட்டில் ஒரு புதிய ஓட்டை

அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்துவிட்டு நான் லண்டன் திரும்பிய அந்தக் கோடையில், எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் என்னைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். பேர்பெற்ற போதனா வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி பெற்று வந்த டொக்டர் அல்லவா? "அங்கை மெஷின் எல்லாம் வேற மாதிரியாமே டொக்டர்?" என்று ஒருவர் தொடங்குவார். நானும் கையில் வடையோடு அளந்து விடுவேன். கண்ணாடிக் கட்டடம், ஒரு தெருவின் நீளத்துக்கு ஆய்வுகூடம், யாரும் பேர்கூடக் கேள்விப்படாத நோய்க்கும் அங்கே ஒரு நிபுணர். இக்கரைக்கு அக்கரை பச்சை. கேட்பவர்களுக்கு அந்தப் பச்சை வேண்டியிருந்தது, எனக்கும் அதைக் காட்டப் பிடித்திருந்தது. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் வாசலில் தயங்கி நின்றவர்களையும் அங்கே கண்டிருக்கிறேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வைத்தியசாலையை உண்மையில் உயர்த்தி வைத்திருந்தது இவை எதுவுமே இல்லை. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால், கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டுக்குப் போய் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் பேச்சை மெஷின்களோடு நிறுத்திக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்துவிட்டு நான் லண்டன் வந்தபோது, இங்கே வேலை செய்வதற்கான பரீட்சைகளை எழுதி முடிக்கும்வரை எனக்குத் தங்க இடம் தந்தது அந்த வீடுதான். வீட்டுக்காரர் எனக்கு உறவில்லை, ஊர்க்காரர். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். முன் அறையில் எனக்கு ஒரு மடிப்புக் கட்டில் போட்டுத் தந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். என் புத்தகங்களின் மேல் ஏறித்தான் சோபாவுக்குப் போவாள். ஒன்றரை வருடம் அந்த வீட்டுச் சோறு தின்றேன். பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மற்ற டொக்டர்மாரைப் போல நானும் ஹரோவுக்குக் குடிபோனேன். பிளேஸ்டோவுக்குப் போவது வருடத்துக்கு இரண்டு தடவை என்றாகி, கடைசியில் கல்யாண மண்டபங்களில் சந்திப்பது மட்டும் மிஞ்சியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் டொக்டர் ஒருவரை மண்டபத்தில் கண்டால், அவர் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் நேரமாகப் பார்த்து நோயைச் சொல்வார்கள். சிலர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கைப்பையிலேயே கொண்டு வருவார்கள். ஜிபி என்ற குடும்ப டொக்டரிடம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் திணறிச் சொல்வதை இங்கே தமிழில் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதற்காக நான் வீட்டில் எரிந்து விழுவேன், மண்டபத்தில் சிரித்துக்கொண்டு பதில் சொல்வேன். உண்மையைச் சொன்னால், அந்த மரியாதை எனக்கு இனித்தது.

அமெரிக்கா போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஈஸ்ட் ஹாம் மண்டபம் ஒன்றில், வயதுக்கு வந்த ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. அண்ணை என்னைத் தேடி வந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒரு சின்ன விசயம் கேக்கோணும். சாப்பிட்டாப் பிறகு வயித்துக்கை ஒரு நோ. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

"எவ்வளவு நாளா அண்ணை?"

"ரெண்டு மாசம் வரும்."

"கேஸ்ற்றிக் அண்ணை. ஷிப்ட் ஷிப்ட் எண்டு நேரத்துக்குச் சாப்பிடுறேல்லை. ஒரு குளிசை சொல்லுறன், மருந்துக் கடையிலையே வாங்கலாம்."

அவர் தலையாட்டினார். அப்போதுதான் அவருடைய பெல்ட்டைக் கண்டேன். வரிசையாக இருந்த ஓட்டைகளுக்கு அப்பால், தோல் கிழிந்த மாதிரி ஒரு புதிய ஓட்டை. அதில்தான் பெல்ட் பூட்டியிருந்தது.

"என்ன அண்ணை, பெல்ட்டிலை புது ஓட்டை? டயட்டோ?"

"உன்ர அக்காவின்ர சமையல் அப்பிடி" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாயசம் வந்தது, வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

எடை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை, பெல்ட் சொல்லிவிட்டது. ஐம்பது தாண்டிய ஒருவர், கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைகிறது என்கிறார், மெலிந்தும் இருக்கிறார். என் வார்டுக்கு இப்படி ஒருவர் வந்திருந்தால் உடனே வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பேன். மண்டபத்தில் நின்றதால் பகிடி விட்டேன்.

நான் சொன்ன குளிசை அமிலத்தைக் குறைக்கும். உள்ளே புற்று இருந்தாலும் நோவைக் கொஞ்சக் காலம் அடக்கி வைக்கும். அப்படித்தான் அடக்கி வைத்தது. நான் அமெரிக்கா போன நாலாம் மாதம், அண்ணைக்கு வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று லண்டனில் இருந்த என் மனைவி போனில் சொன்னாள். எட்டாம் மாதம் அவர் செத்துப்போனார். டெலிபோன் கார்ட் போட்டு அக்காவோடு நாலு வசனம் பேசினேன். "அவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர் தம்பி" என்றார். என்ன கேட்டார் என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த வாரமும் அமெரிக்க வைத்தியசாலையில் வழக்கமான கூட்டம் இருந்தது. வாரத்தில் ஒரு காலை, படிகளாக இறங்கும் விரிவுரை மண்டபத்தில் எல்லோரும் கூடுவோம். காப்பியும் பன்னும் இருக்கும். இறந்துபோனவர்கள், எங்கள் சிகிச்சையால் மோசமானவர்கள், இவர்களைப் பற்றிப் பேசுவதுதான் கூட்டத்தின் வேலை. லண்டனில் நான் வேலை செய்த இடத்திலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. அங்கே வரவுத் தாளில் கையெழுத்துப் போட்டு, பிஸ்கட் தின்று, 'நோய் முற்றியிருந்தது' என்று முடித்துவிடுவோம்.

அன்று எழுந்து நின்றவர் அந்த வைத்தியசாலையின் மிக மூத்த சத்திரசிகிச்சை நிபுணர். அவர் கை பட்டால் உயிர் பிழைக்கலாம் என்று பேர் எடுத்தவர். தன்னுடைய நோயாளி ஒருவர் ஏன் இறந்தார் என்று சொன்னார். முதல் நாள் மாலை வந்த பரிசோதனைத் தாளைத் தான் முழுதாக வாசிக்கவில்லை என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பயிற்சிக்கு வந்து இரண்டாம் வருடம்தான் அவளுக்கு.

"ஏன் வாசிக்கவில்லை?" என்று கேட்டாள்.

யாராவது அவளை அதட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். எங்கள் ஊரில் என்றால் அவளுக்கு அத்தோடு படிப்பு முடிந்திருக்கும். "களைப்பாக இருந்தேன். அதைவிட, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன்" என்றார் அவர். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நமக்குத் தெரியும். யானை எழுந்து நின்று, இந்த இடத்தில்தான் சறுக்கினேன் என்று காட்டியதை நான் அன்றுதான் கண்டேன். அந்த இடத்தின் பெருமை என்று எனக்குப் பட்டது அதுதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் ஒரு தடவை தங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது சொல்வதற்கு வசதியான பிழைகள் இரண்டு மூன்று இருந்தன. நான் அண்ணையைப் பற்றிச் சொன்னேன். நோயாளியின் கோப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். கோப்பு இல்லை, அது ஒரு விருந்து மண்டபம், என் கையில் தட்டு இருந்தது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அந்த மூத்தவர் கேட்டார்: "குடும்பத்துக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நான் அந்த நோயாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் உங்கள் முன்னால் வந்தேன்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

லண்டன் திரும்பி மூன்று மாதம் கடத்தினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பிளேஸ்டோ என்ற பேரை ரயில் வரைபடத்தில் கண்டாலே பார்வையைத் திருப்பிக்கொள்வேன். என் மனைவியிடம் சொன்னபோது, "சொல்லி என்ன வரப்போகுது? செத்த மனுசன் எழும்பி வருவாரோ? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, பிறகு ஒருத்தரும் உங்களை டொக்டரெண்டு மதிக்க மாட்டினம்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவளிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்தார். மெலிந்து, தலை நரைத்திருந்தார். முன் அறையில் என் கட்டில் இருந்த இடத்தில் அண்ணையின் படம், மாலையோடு. கோட்டைக் கழற்றினால் வாய் திறக்காது என்று பயந்து, உட்கார்ந்த கையோடு சொல்லத் தொடங்கினேன். நோவை அவர் சொன்னது, நான் பார்க்காமலே கேஸ்ற்றிக் என்றது, பெல்ட்டைக் கண்டது, பகிடி விட்டது. ஒன்றையும் விடவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "அண்டைக்கு வீட்டை வந்தவுடனை சொன்னவர், தம்பி கேஸ்ற்றிக் எண்டு சொல்லிப்போட்டான் எண்டு. பிள்ளை ஜிபிக்குப் போன் அடிச்சு அப்பொயின்ற்மென்ற் எடுத்து வச்சிருந்தவள். நான்தான் வேண்டாம், அதைக் கான்சல் பண்ணு எண்டனான். வேலை ஷிப்டை ஏன் விடோணும் எண்டு."

லண்டனில் எங்கள் வீடுகளில் பெற்றோருக்காக ஜிபிக்குப் போன் எடுப்பது பிள்ளைகள்தான். அந்தச் சின்னப் பெண் செய்த சரியான காரியத்தை என் ஒரு வார்த்தை அழித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"அவளுக்கு நான் சொன்னதெண்டு தெரியுமோ?"

"இல்லை. அம்மாதான் அப்பாவைப் போகவிடேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். ஏழு மாசமா என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாள் இல்லை."

"ஏன் அக்கா என்ர பேரைச் சொல்லேல்லை?"

"நீங்கள் இந்த வீட்டுப் பிள்ளை. அவளுக்கு நீங்கள் எண்டால் உயிர். அப்பாவும் போயிட்டார், அதையும் ஏன் பறிக்கோணும் எண்டு இருந்திட்டன்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னால இனி ஏலாது தம்பி. நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ. இங்கிலீசிலை வடிவாச் சொல்லுங்கோ."

மேலே பார்த்து மகளைக் கூப்பிட்டுவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அவள் இறங்கி வந்தாள். பதினாலு வயது, அண்ணையின் அதே நெற்றி. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டாம் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், இம்முறை ஆங்கிலத்தில். அமெரிக்காவில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"அந்த ஓட்டையை நான்தான் போட்டேன், மாமா" என்றாள் ஆங்கிலத்தில். "ஆணியும் சுத்தியலும் வைத்து. அப்பா பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ பிள்ளை. நீ ஜிபிக்குப் போன் எடுத்தாய், அது சரி. நான் டொக்டர். ஓட்டையைக் கண்டும் சிரித்தது நான்."

அவள் மன்னிக்கவில்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. பிறகு எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"அம்மா, நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டாள்.

அக்கா பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அதற்கான பதில் அந்த வீட்டு முன் அறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது.