கஞ்சி எங்கே என்று கேட்ட ஊர்

பிரஷர் குக்கர் விற்கிறவன் எவ்வளவு பேசினாலும் பயனில்லை, விசில் அடிக்கும்வரை அவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோளில் சாம்பிள் பையும் முகத்தில் சிரிப்புமாக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதரர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல. சோப்பு விற்றவரானாலும் டானிக் விற்றவரானாலும் நம் எல்லோர் முகத்துக்கு நேராகவும் சாத்தப்பட்டது ஒரே கதவுதான்.

எழுபதுகளின் நடுவில் விருதுநகரிலிருந்து வந்தவன் நான். செங்கல்பட்டையும் மாமல்லபுரம் கடலோரத்தையும் கம்பெனி என் தலையில் கட்டியது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் மேனேஜருக்குத் திருப்தி வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். ஊரில் எனக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் தகப்பனார், "வேலை பெர்மனெண்ட் ஆகட்டும் மாப்ள, மறுநாளே முகூர்த்தம் பாத்துருவோம்" என்று சொல்லியிருந்தார். ஆக, அரிசியோடு என் கல்யாணமும் அந்தக் குக்கருக்குள்தான் கிடந்தது.

ஏரிக்கரை வழியாக

எங்கள் ஊர் வியாபார ஊர். அங்கே ஒருவன் சும்மா நின்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். செங்கல்பட்டு வேறு மாதிரி. மின்சார ரயில் வந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது, கோர்ட்டைச் சுற்றி டைப்ரைட்டர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு நாகரிகம் வந்தும் ஊர் மட்டும் அவசரப்பட மறுத்தது. சாயங்காலமானால் டெரிலின் சட்டைக்காரர்கள் ஸ்டேஷன் பக்கம் நின்று ஏரிக் காற்று வாங்குவார்கள். இந்த ரயில் போனால் அடுத்த ரயில் என்பதுதான் அவர்கள் கணக்கு. முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. இன்று நினைத்தால் அந்தக் காற்றுக்காக ஏங்குகிறேன்.

முதல் நாள் காலை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, "சீக்கிரம் போப்பா, ஆள் வெளியே கிளம்பிடுவாரு" என்றேன். அவர் நிதானமாக மிதித்து, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பையைத் தட்டினேன், இருமிக்கூடப் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னா சார் பேஜார் பண்றே? காத்து வாங்கு. நீ தேடிப் போற ஆளும் இப்பத்தான் நாஸ்தா துன்னுகினு இருப்பாரு."

மொடமொடப்பு

ரிக்‌ஷாக்காரர் சொன்னபடியே ஆள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் வீட்டு அடுப்படியில்தான் என் முதல் செய்முறை விளக்கம். அரிசியைப் போட்டேன், அளந்து தண்ணீர் விட்டேன், விசில் வந்தது, ஆவி அடங்கியது, திறந்தேன். மல்லிகைப்பூ மாதிரி சோறு. இனி வடிக்க வேண்டாம், சத்தெல்லாம் சோற்றிலேயே தங்கும் என்று மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பித்தேன். குமாஸ்தாவின் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தார். பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "சோறு கீது. கஞ்சி எங்க?" என்றார்.

கஞ்சி வராது, அதுதான் இதன் பெருமை என்றேன். அந்த வீட்டில் வடித்த கஞ்சியில் பாதி உப்புப் போட்டுக் குடிப்பதற்கு, மீதி குமாஸ்தாவின் பருத்திச் சட்டைக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? பலகையாக விறைத்து நின்ற தன் சட்டைக் கையைத் தட்டிக் காட்டிவிட்டுக் குமாஸ்தா சொன்னார்: "சத்து சோத்துல தங்கிட்டா, என் சட்டை எதுல நிக்கும்? ஜட்ஜையா முன்னாடி தொளதொளன்னு போய் நிக்கச் சொல்றியா?"

அன்று தொடங்கியது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் மூடியைத் திறந்தாலும் அதே கேள்விதான். விசிலுக்குக் கூட்டம் கூடும், கஞ்சி இல்லை என்றதும் கலைந்துவிடும்.

முதல் போணி

கஞ்சி கேட்காத ஒரே வீடு சரோஜா அம்மாவுடையது. சென்னையில் டெலிபோன் ஆபரேட்டர். தினமும் விடியற்காலை ரயில். இப்படிப்பட்டவருக்காகத்தான் குக்கரையே கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மிச்சமாகிற நேரத்தில் தையல் கற்கலாம், இந்தி படிக்கலாம், கூடை பின்னலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கொட்டாவி விட்டபடி ஒரு குக்கரை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்னு சொல்லியிருந்தா மொதல்லயே வாங்கியிருப்பேனேப்பா. அத்த வுட்டுட்டு தையலாம், இந்தியாம்!"

கடற்கரையில் கொலை

நகரம் கைவிட்டால் கடல் காப்பாற்றும் என்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறினேன். அந்தக் காலத்தில் அங்கே கடலோரமாகச் சவுக்குத் தோப்பும் மணலும்தான். கல்தச்சர்களின் உளிச்சத்தம் ஒரு பக்கம், அலைச்சத்தம் ஒரு பக்கம். சட்டை போடாத வெள்ளைக்காரர்கள் வாடகைக் குடிசைகளில் தங்கிக்கொண்டு, செங்கல்பட்டுக்காரர்களையே தோற்கடிக்கும் அளவுக்குச் சும்மா இருந்தார்கள்.

மீனவர் குப்பத்தில் அஞ்சலை என்று ஓர் அக்கா. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்கு நடந்து போய் விற்று வருகிறவர். அவர் சொல்லுக்குக் குப்பத்துப் பெண்கள் கட்டுப்படுவார்கள் என்று கேள்விப்பட்டு அவர் வாசலிலேயே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். கஞ்சிப் பேச்சே வராமல் இருக்க, சோறு வேண்டாம், குழம்பே வைக்கிறேன் என்றேன். அவர் அப்போதுதான் கரைக்கு வந்த சங்கரா மீனை அரிந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. அதற்கு எத்தனை விசிலோ அத்தனை விசில் மீனுக்கும் விட்டேன்.

திறந்தபோது உள்ளே மீன் இல்லை. புளிக்கரைசலும் முள்ளும்தான் இருந்தன. கூட்டம் சிரித்த சிரிப்பில் காக்காய்கள் பறந்தன. அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியால் ஒரு முள்ளை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "ஏன் நைனா, வலையில ஒருதபா செத்துச்சே, அது பத்தாதா? மறுபடியும் இன்னாத்துக்கு சாவடிச்சே?"

சரோஜா அம்மாவின் குற்றம்

ஐந்தாவது மாதம் முடியும்போது நான் விற்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரிலிருந்து தகவல் வேறு வந்திருந்தது. பெண் வீட்டார் வேறு இடமும் பார்க்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்கினவராவது திருப்தியாக இருக்கிறாரா பார்ப்போம் என்று சரோஜா அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் குக்கரில் தண்ணீரை ஏராளமாக விட்டு, ஒரே விசிலில் இறக்கி, ஆவி அடங்கியதும் மூடியைக் கழற்றி, தட்டால் மூடிப் பானையைச் சாய்ப்பதுபோலச் சாய்த்துக்கொண்டிருந்தார். கொழகொழவென்று கஞ்சி வழிந்தது.

கம்பெனி வகுப்பில் மேனேஜர் மேஜையைத் தட்டிச் சொன்ன ஒரே விஷயம், "குக்கர் சோற்றை வடிப்பவன் நம் எதிரி" என்பதுதான். "அம்மா, சத்தெல்லாம் போயிடும்!" என்று கத்தினேன். அவர் கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னமாரி செஞ்சா சோறு மட்டுந்தான் வருது. என் இஷ்டத்துக்குச் செஞ்சா கஞ்சியும் வருது, தூக்கமும் வருது. போவியா!"

மேனேஜர் வந்தார்

ஆறாவது மாதக் கடைசியில் மேனேஜர் சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். என் செய்முறையை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். செங்கல்பட்டில் பார்க்கலாம் என்றால், கடற்கரையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று மாமல்லபுரத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். மீன் வைத்த கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

குப்பத்தில் கால் வைத்ததும் அஞ்சலை அக்காவின் குரல்: "வாங்கடி, மீன சாவடிச்சவரு வந்துகீறாரு!" மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டவ்வைப் பார்த்தேன். கூடையைச் சுமந்து அலைந்து அப்போதுதான் திரும்பியிருந்த பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். வெயிலில் முகமெல்லாம் வாடிக் கிடந்தது. அஞ்சலை அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கூடைய எறக்குனா மொதல்ல ஒரு சொம்பு கஞ்சி உள்ள போவணும். அப்பறந்தான் மத்தது. ஒன் பொட்டியில அது கீதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மேனேஜர். எதிரில் வாடிப்போன முகங்கள். கண்ணுக்குள் விருதுநகர். பாடப்படி அளந்து ஊற்றினால் மேனேஜர் மகிழ்வார், ஒரு குக்கரும் போகாது. வடித்தால் குக்கர் போகலாம், வேலையும் சேர்ந்தே போகலாம். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினேன். ஒரு விசில். ஆவி அடங்கியதும், எல்லோரும் பார்க்க, குக்கரைச் சாய்த்து வடித்தேன். "யோவ், என்னய்யா பண்றே!" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

அஞ்சலை அக்கா ஒரு சொம்புக் கஞ்சியை உப்புப் போட்டு ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்தார். சோற்றைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு எடுத்து வை நைனா. மீன மட்டும் இதுல போடவே மாட்டேன்" என்றார். அவ்வளவுதான், குப்பமே கை நீட்டியது. கொண்டுபோன பெட்டிகள் எல்லாம் காலியாகி, இல்லாததற்கும் ஆர்டர் எடுத்தேன்.

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்றார். அஞ்சலை அக்கா அவர் கையிலும் ஒரு டம்ளர் கஞ்சியைத் திணித்தார். மறுக்க முடியாமல் ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். டம்ளர் காலியானதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்யா. ஆனா இங்க வடிச்சது ஆபீஸுக்குத் தெரியக்கூடாது. அந்த அம்மாகிட்ட சொல்லி எனக்கு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடு, உப்பு கொஞ்சம் தூக்கலா."

சொன்னபடியே விருதுநகரில் முகூர்த்தம் வைத்தார்கள், கம்பெனி குக்கர் ஒன்றைப் பெருமையோடு புது அடுப்படியில் ஏற்றிவைத்தேன், என் மனைவி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா?