கார் பார்க்கிங்கில் கழற்றிய செருப்பு

எங்கள் கம்பெனிக்கு வந்திருந்த ஐந்து ஜப்பானியர்களுக்கு மயிலாப்பூரைச் சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, சரளமான ஜப்பானிய மொழி. எந்தப் பழைய வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் செருப்பைக் கழற்றுவார். விருந்தினர்களும் உடனே ஷூவைக் கழற்றிவிடுவார்கள். அவர்கள் ஊர் வழக்கமும் அதுதானாம்.

கடைசியாக ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தார். அதன் கார் பார்க்கிங்கிலும் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் ஐந்து ஜோடி ஷூக்கள் வரிசையாக நின்றன.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "இன்னா சார் இது? கார் வர்ற எடத்துல செருப்ப வுட்டுகினு! எடுங்க, எடுங்க."

"இங்க எதுக்கு சார் கழட்டுனீங்க?" என்றேன் எரிச்சலோடு.

"எங்க வீடு இங்கதான் இருந்தது."

"அடடா, பில்டர் ஏமாத்திட்டானா?"

"இல்ல சார். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னு அழுதாங்க. நான்தான் போட வச்சேன்."

பிறகு விருந்தினர்கள் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். ஐந்து பேரும் அங்கே நின்ற கார்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள்.

என்ன சொன்னாரோ, தெரியாது. என்னிடம் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவர்கள் குனிந்திருக்க மாட்டார்கள்.