தகட்டைக் கழற்றிய மதியம்

புயல் அடித்துப் போன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் பட்டறையில் ஓய்வே இல்லை. பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா மரங்களை எல்லாம் ஜனங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். தன் கொல்லையில் விழுந்த மரத்திலேயே தன் வீட்டுக் கதவு வேண்டும் என்பார்கள். மரம் காயவில்லை, ஆறு மாதம் போகட்டும் என்று சொன்னால் முகம் வாடிவிடும். கதவில்லாத வீட்டில் ஆறு மாதம் எப்படி இருப்பது என்று கேட்பார்கள். ஈரத்தோடேயே அறுத்துக் கொடுப்போம்.

பட்டறை நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் ரோட்டில், தகரக் கொட்டகை. அதில் நானும் என் கூட்டாளியும் மட்டும்தான். என் அப்பா மைன்ஸ் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்; நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கூட்டாளி இந்தப் பக்கத்துக் குள்ளஞ்சாவடிக்காரர், என் வயதுதான். நான் மெஷினில் நின்று மரம் அறுப்பேன். அவர் அளவு போடுவார், நிலையும் கதவும் கொண்டுபோய்ப் பொருத்துவார்.

அந்த நாட்களில் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் கம்பெனி கரண்டில் ஃபேன் சுற்றும். இந்தப் பக்கம் நாங்கள் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கரண்ட் வந்ததும் எழுந்து ஓடுவோம். மூன்று மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ராத்திரி புழுக்கத்தில் தூக்கமும் சரியாக இல்லை. மாதக் கணக்கில் அப்படியே ஓடியது. உடம்பு தனியாகவும் நான் தனியாகவும் வேலைக்கு வருவது போல இருந்தது.

மெஷின் விஷயத்தில் எனக்குக் கறார்க்காரன் என்று பெயர். பிளேடு மாற்றுவதற்கு முன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். முழுக்கைச் சட்டை போட மாட்டேன். சின்னத் துண்டு என்றால் கையால் தள்ளாமல் கட்டை வைத்துத்தான் தள்ளுவேன். பிளேடுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு நிற்கும். அறுபட்ட மரம் மறுபடி நெருங்கி வந்து பிளேடைக் கவ்விவிடாமல் அதுதான் பிரித்து வைக்கும். அது இல்லாமல் மரம் அறுக்கவே மாட்டேன்.

"ஏரோப்ளேன் ஓட்றவன்கூட இவ்ளோ செக் பண்ண மாட்டான்யா" என்பார் கூட்டாளி.

அன்றைக்கு மதியம் ஓர் அம்மா நிலைக்கட்டைக்காகக் காத்திருந்தார். வாசலில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர். அவசரப்படுத்தவில்லை, சும்மா மரக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். சற்று முன்தான் வேறொரு கதவுச் சட்டத்துக்குக் காடி எடுத்திருந்தேன். காடி என்றால் பலகை உட்காருவதற்கான பள்ளம். அதை எடுக்க அந்தத் தகடு இடைஞ்சல் என்று கழற்றி மேஜை மேல் வைத்திருந்தேன். திரும்ப மாட்ட இரண்டு நட்டு முடுக்க வேண்டும். ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஒரே ஒரு கட்டைதானே பாக்கி என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இப்போதும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

முக்கால்வாசி அறுத்திருப்பேன். ஈரப் பலா நெருங்கிப் பிளேடைக் கவ்வியது. கட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் பறந்தது. நான் எப்போதும் போல ஒதுங்கி நின்றிருந்தேன், எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டாளி என் பின்னால் வந்துகொண்டிருந்தார். இடது விலாவுக்குக் கீழே வாங்கினார்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா, மூச்சு புடிச்சிகினு இருக்கு, அவ்ளோதான்" என்றார். நெற்றியெல்லாம் வேர்த்து, முகம் வெளுத்துக்கொண்டே போனது. காத்திருந்த அம்மாதான் ரோட்டில் நின்று ஒரு லோடு ஆட்டோவை மறித்தார்.

கடலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்துவிட்டோம், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அவர் மனைவி முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையெல்லாம் கொட்டையின் கறுப்பு.

"கட்ட எப்பிடிண்ணே பறந்துச்சு? நீங்க பாத்துப் பாத்து செய்றவராச்சே?"

"ஈர மரம்மா. கவ்விக்கிச்சு."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நான்காம் நாள் கூட்டாளிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "தகட்டை மாட்டாம அறுத்தேன்யா."

அவர் சட்டென்று திரும்பவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"தெரியும். தகடு டேபிள் மேல கெடந்தத பாத்துகினுதான் வந்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கரண்ட்டு பூடுமேன்னு வுட்டுட்டேன்."

அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினேன். அவருக்குக் கோபம் இல்லை என்பதுதான் என்னை உட்கார வைத்தது. அடித்திருந்தால்கூட எழுந்து வெளியே போயிருப்பேன்.

அவர் மனைவியிடமும் நானே சொன்னேன். அவர் டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "கொஞ்ச நாளிக்கு வூட்டுப் பக்கம் வராதீங்கண்ணே" என்றார். குரல் உயரவில்லை. நான் போகவில்லை. கூட்டாளி எப்படி இருக்கிறார் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

தனியாகத்தான் பட்டறையைத் திறந்தேன். முதல் பத்து நாள் மெஷினைத் தொடவில்லை. கைரம்பத்தால் அந்த அம்மாவின் நிலைக்கட்டைகளை அறுத்துக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வந்தேன். பிறகு வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு, தகட்டை அதன் தண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். இனி கழற்ற முடியாது. காடி எல்லாம் இழைப்புளியால் கையில்தான். ஒரு கதவுக்கு அரை நாள் கூடுதலாகிறது. பொறுக்காதவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்று விடுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மூன்றாம் மாதம் அவரை அவர் மனைவியே கொண்டுவந்து விட்டார். "வெயிட்டு தூக்க வுடாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் என்னிடம்தான் சொன்னார்.

கூட்டாளி இப்போது அளவு போடுகிறார், பாலீஷ் அடிக்கிறார். மெஷின் ஓடும்போது வலது பக்கச் சுவரோரம்தான் நிற்பார். நான் தப்பாக ஏதாவது செய்தால் பென்சிலால் தகரத்தில் தட்டுவார். இரண்டொரு முறை தட்டியிருக்கிறார். நிறுத்திவிட்டு என்னவென்று பார்ப்பேன்.

கரண்ட் இப்போது ஒழுங்காக வருகிறது. அசதி மட்டும் போகவில்லை. சில நாள் காலையில் வந்ததுமே தெரிந்துவிடும், இன்றைக்குக் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யாது என்று. அன்றைக்கு ஃபியூஸைப் பிடுங்கி அவரிடம் கொடுத்துவிட்டு மரத்தூளைப் பெருக்குவேன். "ஏங்க, கரண்ட்தான் இருக்கே, அறுக்கலாமே?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"அவருக்கு ஒடம்பு சரியில்லங்க, நாளைக்கு வாங்க" என்று கூட்டாளிதான் பதில் சொல்வார்.